வானத்துக்கும் விதி உண்டு!

(இயந்திரவியல் பட்டயப் படிப்பு, இறுதியாண்டு மாணவர்)



ஆகாயத்தில் தார் ரோடு கிடையாது. நடுவில் வெள்ளைக்கோடு கிடையாது. கைகாட்டி மரமும் இல்லை, விசில் ஊதும் போலீஸ்காரரும் இல்லை. அப்படி இருந்தும் தினம் தினம் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ஒன்றோடு ஒன்று மோதாமல் போய் வந்துகொண்டு இருக்கின்றன. எப்படி? இன்ஜின் நன்றாக இருக்கிறது என்பதாலா? அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் போதாது. எல்லா நாட்டு விமானிகளும் ஒரே மாதிரியான விதிகளுக்குக் கட்டுப்பட்டுப் பறக்கிறார்கள் என்பதுதான் பெரிய காரணம்.

"நம்ம காலேஜ்ல பைலட் கோர்ஸா இருக்கு? இதை ஏம்ப்பா மலர்ல எழுதறே?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம்மில் சிலர் விமானப் பராமரிப்புப் பக்கம் போகிறோம். சிலர் டிரோன் பக்கம் போகிறோம். ஃப்ளையிங் ஸ்கூலில் சேர்ந்த சீனியர் அண்ணன் ஒருவரும் நமக்கு இருக்கிறார். அவர் லீவில் ஊருக்கு வந்தபோது அவருடைய 'ஏர் ரெகுலேஷன்ஸ்' புத்தகத்தை வாங்கி வந்து படித்தேன். கூடவே ஒரு கேள்வி வங்கிப் புத்தகமும் கொடுத்தார். "விதிப் புத்தகத்தை யாரும் முழுசாப் படிக்கறதில்லைடா தம்பி. இந்தக் கேள்வி வங்கியைத்தான் எல்லாரும் உருப்போடறாங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. விமானச் சட்டம் மனப்பாடப் பாடமாகிவிட்டது தவறு, அது ஆபத்து என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

சட்டம் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப்போர் முடியும் முன்பே, 1944 டிசம்பர் 7-ஆம் தேதி, அமெரிக்காவின் சிகாகோ நகரில் 52 நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி உருவானதுதான் ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம். இன்று 193 நாடுகள் அதில் உறுப்பினர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேலுள்ள வானம் சொந்தம் என்று அந்த உடன்படிக்கையின் முதல் பிரிவே சொல்கிறது. அதனுடைய 19 இணைப்புகளில் இரண்டாவதுதான் 'வான் விதிகள்'. யாருக்கு யார் வழி விடுவது, எந்த உயரத்தில் பறப்பது, மேகத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருப்பது எல்லாம் அதில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம் 90 வருஷம் ஆட்சி செய்தது. 2025 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் 'பாரதீய வாயுயான் அதினியம், 2024' வந்துவிட்டது. லைசென்ஸ் கொடுப்பதும் தேர்வு வைப்பதும் டி.ஜி.சி.ஏ. என்ற தலைமை இயக்குநரகம். 16 வயதில் மாணவர் பைலட் லைசென்ஸ் வாங்கலாம். 18 வயதில், அதாவது நம் வயதில், 200 மணி நேரம் பறந்து முடித்து, எழுத்துத் தேர்வுகளில் 100-க்கு 70 எடுத்து, மருத்துவப் பரிசோதனையும் தேறினால், சம்பளத்துக்குப் பறக்கும் கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கலாம். அந்தத் தேர்வுகளில் ஒன்றுதான் ஏர் ரெகுலேஷன்ஸ்.

விதி இருந்தால் அதற்குக் காரணமும் இருக்கும்

எங்கப்பா லாரி டிரைவர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆனால் விதியை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. அங்கே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழி விட வேண்டும். ஏன் என்று கேட்டால், "சட்டம் அப்படி" என்று அவர் சொல்ல மாட்டார். "ஏத்தத்துல லோடு வண்டி நின்னா மறுபடி இழுக்கறது கஷ்டம்டா. பின்னாடி உருளும். இறங்கறவன் பிரேக்கைப் பிடிச்சு நிக்கலாம். யாரால நிக்க முடியுமோ அவன்தான் நிக்கணும்" என்பார். தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடாதே என்பார். கூடவே, கியரில் இருந்தால் இன்ஜினும் வண்டியைப் பிடிக்கும், நியூட்ரலில் விட்டால் பிரேக் மட்டுமே பிடித்துப் பிடித்துச் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும் என்று காரணமும் சொல்வார்.

வான் விதியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். அங்கேயும் அதே நியாயம்! இன்ஜின் உள்ள விமானம், இன்ஜின் இல்லாத கிளைடருக்கும் பலூனுக்கும் வழி விட வேண்டும். கிளைடர், பலூனுக்கு வழி விட வேண்டும். பலூன் யாருக்கும் வழி விட வேண்டியதில்லை. காற்று போகிற பக்கம்தானே அது போக முடியும்? திரும்ப முடிந்தவன் திரும்ப முடியாதவனுக்கு ஒதுங்க வேண்டும். வலுத்தவன் வழி விடணும்! நம் ரோட்டில் பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி பயந்து ஒதுங்குகிறது. வானத்துச் சட்டம் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. எவ்வளவு நல்ல சட்டம் பாருங்கள்!

இன்னொன்று. இரண்டு விமானங்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் குறுக்கே நெருங்கினால், தன் வலப்பக்கத்தில் மற்ற விமானத்தைப் பார்ப்பவர்தான் வழி விட வேண்டும். இதை உருப்போட்டால் பரீட்சை ஹாலில் வலமா இடமா என்று குழம்பும். காரணம் தெரிந்தால் குழம்பாது. விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை விளக்கு, வாலில் வெள்ளை. ராத்திரியில் என் வலப்பக்கமிருந்து ஒருவர் குறுக்கே வந்தால் அவருடைய இடது இறக்கை, அதாவது சிவப்பு, என் கண்ணுக்குத் தெரியும். சிவப்பு என்றால் நான் ஒதுங்க வேண்டும். அதே நேரம் அவர் கண்ணுக்கு என் பச்சை தெரியும். அவர் தன் வழியில் போகலாம். கப்பல்காரர்களிடமிருந்து வந்த ஏற்பாடு இது. விளக்கே விதியைச் சொல்லிவிடுகிறது!

நேருக்கு நேர் வந்தால்? இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். ரோட்டில் இடப்பக்கம் ஒதுங்கிப் பழகிய கை நம் கை. ஆபத்து நேரத்தில் யோசிக்க நேரம் இருக்காது, பழக்கம்தான் முந்தும். அந்தப் பழக்கத்தை மாற்றுகிற அளவுக்கு விதி உடம்பில் ஊற வேண்டும். 'ஏ, பி, சி, டி'யில் ஒன்றை டிக் அடித்துப் பழகினால் ஊறுமா?

எழுத்துக்குப் பின்னால் ரத்தம்

விபத்து நடந்தால் "எல்லாம் விதி" என்று தலையில் கை வைக்கிறோம். ஆமாம், விதிதான். பல சமயம் அது மீறப்பட்ட விதி!

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த டெனரீஃப் தீவு. ஓடுபாதையில் மூடுபனி. கே.எல்.எம். விமானம் புறப்பட அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம் எதிரே வந்துகொண்டிருந்தது. 583 உயிர்கள் போயின. ரேடியோவில் பேசிய அரைகுறை வாசகங்களும் அதற்கு ஒரு காரணம். அதன்பிறகுதான் 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்ற முறை வந்தது. மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இது ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு விலை 583 உயிர்.

நம் நாட்டுக்கு வருவோம். 1996 நவம்பர் 12, அரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி வரை அனுமதி. டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. நடுவில் 1,000 அடி இடைவெளி. இரண்டும் ஒரே வழித்தடத்தில் எதிரெதிரே. கன்ட்ரோலர் எதிரே விமானம் வருகிறது என்று எச்சரித்தும் இருந்தார். ஆனாலும் கஜகஸ்தான் விமானம் தனக்குக் கொடுத்த உயரத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. 349 பேரும் பலி. ஒருவர்கூட மிஞ்சவில்லை. சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பலர் பிழைப்புத் தேடி வளைகுடாவுக்குப் போன நம் நாட்டுத் தொழிலாளர்கள். நம் வீடுகளைப் போன்ற வீடுகளிலிருந்து போனவர்கள்.

அதன்பிறகுதான் டெல்லியில் வரும் வழி வேறு, போகும் வழி வேறு என்று பிரித்தார்கள். மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி விமானத்தில் இருந்தாக வேண்டும் என்றும் நம் நாடு கட்டாயமாக்கியது. 'கொடுத்த உயரத்தைக் காப்பாற்று' என்ற விதியை ஒரு மார்க் கேள்வியாகப் படிக்கிறவனும், சர்க்கி தாத்ரியைத் தெரிந்துகொண்டு படிக்கிறவனும் ஒரே மாதிரி பறப்பார்களா? சொல்லுங்கள்!

"பாஸ் பண்ணினா போதாதா?"

கேள்வி வங்கிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பைலட் படிப்புக்குப் பல லட்சம் செலவாகும். கடன் வாங்கிப் படிக்கிறவனுக்கு ஒவ்வொரு மாசமும் வட்டி ஓடும். சீக்கிரம் பாஸ் பண்ணி வெளியே வர வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. கேள்விகளை எழுதிப் பார்த்துப் பயிற்சி எடுப்பதும் தப்பில்லை.

ஆனால் மனப்பாடத்துக்கு இரண்டு குறை உண்டு. முதலாவது, சட்டம் மாறும். 1934 சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்ததும் பழைய கேள்வி வங்கியில் எத்தனை பதில்கள் செல்லாக்காசு ஆகியிருக்கும்? காரணம் புரிந்தவனுக்கு, மாறியது எது, மாறாதது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியும்.

இரண்டாவது இன்னும் பெரியது. சமயத்தில் விதியை மீறித்தான் ஆக வேண்டும்! பாதுகாப்புக்காகத் தவிர்க்கவே முடியாது என்றால் விமானத்தின் தலைமை விமானி விதியிலிருந்து விலகலாம் என்று அந்த வான் விதிகளே சொல்கின்றன. 2009 ஜனவரி 15-ஆம் தேதி நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் உந்துசக்தி இழந்த விமானத்துக்குக் கன்ட்ரோலர்கள் ஓடுபாதையைக் காட்டினார்கள். அதுவரை போய்ச் சேர முடியாது என்று முடிவெடுத்த கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். எந்த விதி எதற்காக இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் எப்போது விலகலாம் என்பதும் தெரியும். தெரியாதவன் விலகினால் அதற்குப் பெயர் துணிச்சல் இல்லை, கண்மூடித்தனம்.

சட்டம் தெரிந்தவனுக்குத்தான் வாய் உண்டு

நண்பர்களே, இதுதான் என் மனசுக்கு நெருக்கமான விஷயம். 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். இறங்கும் முறை சரியாக அமையவில்லை, இறங்காமல் மேலே போய்விடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் தொடர்ந்து இறக்கினார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தப்புச் செய்யும்போது சின்னவன் எப்படித் தடுப்பது? நம்மைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு இது தெரிந்த கஷ்டம்தான். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்", "நமக்கு எதுக்கு வம்பு" என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். வொர்க்‌ஷாப்பில் லேத் மெஷின் கார்டு இல்லாமல் ஓடினாலும் வாய் திறக்க யோசிக்கிறோம். நாளைக்குக் கம்பெனியில் ஓவர்டைம் கணக்கு இடித்தாலும் பேசாமல் வருவோம்.

அந்த நேரத்தில் "எனக்குப் பயமா இருக்கு சார்" என்று சொன்னால் எடுபடாது. "இது விதிக்கு முரண் சார், இந்தப் பார்வைத் தூரத்தில் போகக் கூடாது" என்று சொன்னால் எடுபடும். 10,000 அடிக்குக் கீழே கண்ணால் பார்த்துப் பறக்க வழக்கமாக 5 கிலோமீட்டர் தூரமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலே கீழே 1,000 அடி தள்ளியிருக்க வேண்டும் என்று எண்ணோடு தெரிந்த மாணவனை, "சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்று யாரும் சுலபமாக அனுப்ப முடியாது. பணபலமும் சிபாரிசும் இல்லாதவனுக்குச் சட்ட அறிவுதான் பக்கபலம். மேலதிகாரியோடு சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மரியாதையாக, ஆனால் உறுதியாக, "வேண்டாம் சார்" என்று சொல்வதற்காகத்தான்.

பேச இங்கிலீஷ், புரிய தமிழ்

கிராமத்திலிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வருகிறவனுக்கு இந்தப் புத்தகங்களின் சட்ட இங்கிலீஷ் ஒரு பெரிய மதில் சுவர். புரியாததைத்தானே மனப்பாடம் செய்கிறோம்? பொறுமையாகத் தமிழில் விளக்கிச் சொன்னால் பாதி மனப்பாடம் ஒழிந்துவிடும்.

இதைச் சொன்னவுடன், "அப்ப ரேடியோவுலயும் தமிழ்லயே பேசுவீங்களா?" என்று கேலி செய்பவர்கள் உண்டு. இல்லை ஐயா! சர்வதேசப் பறத்தலில் ரேடியோவில் பேச இங்கிலீஷ் தேவை, ஐ.சி.ஏ.ஓ.வின் நான்காம் நிலைத் தேர்ச்சியாவது வேண்டும். அது சரியான விதிதான். சர்க்கி தாத்ரி விசாரணையிலேயே மொழிக் குறை பேசப்பட்டது. பேசுவதற்கு இங்கிலீஷைத் தீட்டிக்கொள்வோம். புரிந்துகொள்வதற்குத் தாய்மொழியை விட வேண்டாம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

நமக்கும் இதில் பங்குண்டு

"நான் பைலட் ஆகப் போறதில்லை" என்று யாரும் ஒதுங்க முடியாது. நம் பிராஜக்ட்டுக்கு டிரோன் செய்கிறோம். கல்யாண வீட்டில் படம் எடுக்க டிரோன் விடுகிறோம். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் அதையும் வானூர்தியாகவே எண்ணி வகை பிரித்திருக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது என்று வகை. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை என்று எல்லை. ஆள் ஏறிய விமானத்துக்கு ஆள் இல்லாத டிரோன் எப்போதும் வழி விட்டாக வேண்டும். இங்கேயும் பாருங்கள், உயிர் உள்ள பக்கத்துக்கு உயிர் இல்லாத பக்கம் ஒதுங்குகிறது. அதே நியாயம்தான்!

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று.

ஒன்று: பைலட் பயிற்சிப் பள்ளிகள் விதியைச் சொல்லும்போதே அது ஏன் வந்தது என்பதையும், அதற்குப் பின்னால் உள்ள விபத்தையும் சேர்த்துச் சொல்லித் தர வேண்டும். தேர்விலும் 'எது' என்ற கேள்வியோடு 'ஏன்' என்ற கேள்வி கூட வேண்டும்.

இரண்டு: விமானச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் கையேடுகள் வர வேண்டும். படித்து முடித்த நம் அண்ணன்மார், அக்காமார் இதைச் செய்தால் பின்னால் வரும் தம்பி தங்கைகள் வாழ்த்துவார்கள்.

மூன்று: டிரோன் செய்யும் ஒவ்வொரு பாலிடெக்னிக்கிலும் ஒரு நாளாவது வான் விதி வகுப்பு நடத்த வேண்டும். நம் மாணவர் சங்கமே அடுத்த ஆண்டு இதை முன்னின்று நடத்தலாம். பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். ஆதரவு தாருங்கள்.

விமானம் ஓட்ட இறக்கை வேண்டும், இன்ஜின் வேண்டும், எரிபொருள் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். விதியைப் புரிந்து படிக்க மட்டும் காசு வேண்டாம். ஒரு புத்தகமும், 'ஏன்?' என்று கேட்கிற மனசும் போதும். அது நம்மிடம் இருக்கிறது தோழர்களே. படிப்போம்! கேட்போம்! பறப்போம்!